நாக்கு நுனியில் வைத்துப் பார்

பண்டாரவளையில் பிறந்து நுவரெலியாவில் வேலை பார்க்கும் எனக்குக் கொடைக்கானல் குளிர் ஒரு பொருட்டாக இருக்காது என்று நினைத்துக்கொண்டுதான் விமானம் ஏறினேன். குளிர் உண்மையிலேயே ஒரு பொருட்டாக இல்லை. ஆனால் அந்த மலையில் பயந்ததுபோல் என் வாழ்நாளில் வேறெங்கும் நான் பயந்ததில்லை.

என் வேலையைச் சொன்னால் பலருக்குச் சிரிப்பு வரும். ஓர் உணவைக் கண் பார்க்கும்போதும், மூக்கு முகரும்போதும், பல் கடிக்கும்போதும் மனிதருக்குள் என்ன நடக்கிறது என்று ஆராய்கிறவள் நான். சில ஆண்டுகளாக அந்த ஆராய்ச்சி ஒரே கேள்வியில் வந்து நிற்கிறது: குழந்தைகளைக் காய்கறி சாப்பிட வைப்பது எப்படி? மிரட்டாமல், கெஞ்சாமல், விளையாட்டுப்போலப் பழக்கும் ஒரு பாடத்தை எங்கள் தேயிலைத் தோட்டப் பள்ளிகளில் நடத்திவந்தேன். மதுரையில் மனையியல் கற்பிக்கும் செல்வி என்பவள் அதைக் கேள்விப்பட்டு, பழனி மலைத்தொடரில் ஒரு பள்ளியில் நடத்திக்காட்டும்படி அழைத்தாள். காய்கறி விளைகிற ஊர், ஆனால் பிள்ளைகள் காயைத் தொடுவதில்லை என்றாள். எங்கள் ஊரிலும் அதே கதைதான். காரட் லாரி லாரியாகக் கொழும்புக்குப் போகும், பிள்ளைகள் கடையில் சிப்ஸ் பாக்கெட் வாங்கித் தின்னும்.

செல்வியும் நானும் வத்தலக்குண்டில் பஸ் மாறினோம். மலைப் பாதை எனக்குப் புதிதல்ல. ஆனால் எங்கள் ஊர் ஓட்டுநர்கள் வளைவில் ஹார்ன் அடித்துவிட்டுக் காத்திருப்பார்கள். இவர் ஹார்ன் அடித்துக்கொண்டே திரும்பினார். எதிரே ஒரு லாரி வந்து, இரண்டு வண்டிகளின் கண்ணாடிகளும் உரசிக்கொள்ளும் அளவுக்கு நெருங்கி விலகியது. பள்ளத்துப் பக்கம் உட்கார்ந்திருந்த நான் கம்பியைப் பிடித்த கையை எடுக்கவில்லை. பின் இருக்கையில் வடக்கேயிருந்து வந்த ஒரு குடும்பம். சிறுவன் ஏதோ கேட்க, அவன் அப்பா ஒரே வார்த்தையில் பதில் சொன்னார். செல்விக்கு இந்தி தெரியும். என் காதருகே குனிந்து மொழிபெயர்த்தாள். "கீழே விழுந்தால் எவ்வளவு நேரம் விழுவோம்?" என்று கேட்டானாம். "சாப்பிடு" என்றாராம் அப்பா.

பண்ணைக்காடு பிரிவில் பஸ் நின்றபோது மலைவாழைப்பழம் வாங்கினோம். சிறிய பழம், தோல் கறுத்திருந்தது. உள்ளே ஏலக்காயும் தேனும் சேர்ந்ததுபோல ஒரு மணம். இதை எந்தக் குழந்தையும் வேண்டாமென்று சொல்லாது என்று நினைத்தேன். இனிப்புக்குப் பழக்கம் தேவையில்லை. கசப்புக்கும் துவர்ப்புக்கும்தான் பாடம் வேண்டும்.

செண்பகனூரில் ஒரு வீட்டின் பின்பக்க அறையில் தங்கினோம். மாலையில் தேநீர் குடித்துவிட்டுச் சந்துக்குள் திரும்பியபோது, தெருவிளக்கின் கீழ் ஒரு கரிய சுவர் நின்றிருந்தது. அந்தச் சுவர் மூச்சு விட்டது. காட்டுமாடு. எங்கள் மலையில் மரை மான் உண்டு, சிறுத்தை உண்டு. ஆனால் வீட்டு வாசலில் ஒரு வண்டியளவு மிருகம் நின்று ரோஜாச் செடியை மேய்வதை நான் கண்டதில்லை. செல்வி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அசையாதீங்கக்கா. அது பாட்டுக்குப் போயிரும்."

அது தன்பாட்டுக்குப் போக வெகுநேரம் எடுத்துக்கொண்டது.

மறுநாள் வெள்ளனே கிளம்பி, பூம்பாறையைத் தாண்டி உள்ளடங்கிய ஓர் ஊருக்குப் போனோம். மலைச்சரிவு முழுக்கப் படிப்படியாகப் பூண்டு, காரட், பீன்ஸ். மூட்டைகள் சாலையோரம் லாரிக்குக் காத்திருந்தன. ஓடையோரத்தில் ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்த செடிகளில் நீண்ட வெள்ளைப் பூக்கள் மணிகள்போலத் தலைகீழாகத் தொங்கின. அழகாக இருக்கிறதே என்று கைப்பேசியில் படம்கூட எடுத்தேன்.

சிறிய பள்ளி. பிள்ளைகள் எனக்குச் 'சிலோன் டீச்சர்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். பீன்ஸைக் காட்டி நான் 'போஞ்சி' என்றதும் வகுப்பு முழுவதும் விழுந்து விழுந்து சிரித்தது. முட்டைக்கோஸை 'கோவா' என்றதற்கு இன்னும் பெரிய சிரிப்பு. சிரிப்பு வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது என்பது என் அனுபவம்.

ஒரே ஒரு சிறுமி மட்டும் சிரிக்கவில்லை. கடைசி வரிசையில் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பெயர் ஹரிணி. வயது ஏழு இருக்கும். சத்துணவில் சோற்றையும் முட்டையையும் தவிர எதையும் தொடமாட்டாள் என்று வகுப்பாசிரியை சொன்னார். அப்படிப்பட்ட பிள்ளையைக் கண்டால் என் மனசு முழுவதும் அங்கேதான் போகும்.

பாடம் எளிது. முதலில் பார்க்க வேண்டும். பிறகு தொட வேண்டும். முகர வேண்டும். காதருகே வைத்து ஒடித்துச் சத்தம் கேட்க வேண்டும். கடைசியில் நாக்கு நுனியில் வைக்க வேண்டும். பிடிக்கவில்லையென்றால் துப்பிவிடலாம், யாரும் திட்டமாட்டார்கள். ஹரிணி பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அவளோடு சேர்ந்து ஒரு காரட் துண்டை நானும் ஒடித்தேன். வாயைப் பொத்திய கைகளில் ஒன்று மெல்ல இறங்கியது. சத்தம் அவளுக்குப் பிடித்திருந்தது. மறுபடி ஒடித்தாள். "பயப்படாத. நாக்கு நுனில வச்சுப் பாரு" என்றேன். வைத்தாள். முகத்தைச் சுளித்தாள். பிறகு கடித்தாள். வகுப்பே கைதட்டியது.

மணி அடிக்கும் முன் ஒரு விளையாட்டையும் சொல்லி அனுப்பினேன். இதுவரை நீங்கள் ருசிக்காத ஒன்றை நாளைக்குக் கொண்டுவாருங்கள், எல்லோரும் சேர்ந்து பார்ப்போம். எங்கள் ஊர்ப் பள்ளிகளில் பலமுறை சொன்ன அதே வாக்கியம். அங்கே பிள்ளைகள் கறிவேப்பிலையும் முருங்கைக்காயும் கொண்டுவருவார்கள்.

மறுநாள் மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு பாடம் வைத்திருந்தோம். பிள்ளைகள் முள்ளங்கி, நூல்கோல், பூண்டுத் தாள் என்று கொண்டுவந்திருந்தார்கள். ஹரிணி தன் இடத்தில் நிற்காமல் அசைந்துகொண்டிருந்தாள். முகம் செக்கச்செவேலென்று இருந்தது. நெற்றியைத் தொட்டேன், சுட்டது. காய்ச்சல் என்று நினைத்தேன். பிறகு அவள் காற்றில் கையை நீட்டி, யாருக்கும் தெரியாத நூல்களை ஒவ்வொன்றாகப் பிடித்து இழுக்கத் தொடங்கினாள். இல்லாத யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். குனிந்து கண்ணைப் பார்த்தேன். கண்மணி விரிந்து, கருவிழி முழுவதும் கறுப்பாகத் திறந்து கிடந்தது.

எதையாவது தின்றாளா என்று பக்கத்துப் பிள்ளைகளைக் கேட்டேன்.

அவள் பக்கத்தில் உட்காரும் மோனிஷாதான் சொன்னாள். "டீச்சர், அவ ஓடக்கிட்ட தொங்குற வெள்ளப் பூவத் தின்னா. யாருமே கொண்டுவராதத கொண்டாரணும்னு பறிச்சா. நீங்க சொன்ன மாதிரியே மொதல்ல பாத்தா, மோந்தா, காதுகிட்ட வச்சு ஒடிச்சா. அப்புறந்தான் தின்னா."

"நீயும் தின்னியா?" என்று செல்வி கேட்டாள். குரல் அவளுடையதாகவே இல்லை.

"எனக்கும் குடுத்தா. கசந்துச்சு, துப்பிட்டேன்."

ஹரிணியின் சாப்பாட்டு டப்பாவுக்குள் பாதி கடித்த பூ ஒன்று வதங்கிக் கிடந்தது. நான் முந்தின நாள் படமெடுத்த அதே பூ. ஊமத்தை இனம் என்று அப்போதுதான் மூளைக்கு எட்டியது. செடிகளைப் படித்தவள், முகர்வதையும் ருசிப்பதையும் தொழிலாகக் கொண்டவள், அழகு என்று படமெடுத்துவிட்டுப் போயிருந்தேன்.

ஆம்புலன்சுக்குப் போன் செய்தால் லைன் விட்டு விட்டுப் போனது. கொடைக்கானலிலிருந்து வந்து திரும்ப எவ்வளவு நேரம் ஆகுமோ. சாலையில் காரட் ஏற்றிக்கொண்டிருந்த ஒரு பிக்கப் வண்டியைத் தலைமையாசிரியை ஓடிப்போய் நிறுத்தினார். ஓட்டுநர் முருகேசன் ஏற்றிய மூட்டைகளோடு அப்படியே வண்டியைத் திருப்பினார். பூண்டு வயலிலிருந்து சேற்றுக் காலோடு ஹரிணியின் அம்மா பேச்சி ஓடிவந்தாள். மற்றப் பிள்ளைகள் யாராவது தின்றிருக்கிறார்களா என்று பார்க்கவும், மோனிஷாவைக் கண்ணெடுக்காமல் கவனிக்கவும் செல்வி பள்ளியிலேயே நின்றுவிட்டாள். ஹரிணியைத் தூக்கிக்கொண்டு பேச்சியும், டப்பாவோடு நானும் முன்னால் ஏறினோம்.

மூடுபனி இறங்கியிருந்தது. முன்கண்ணாடிக்கு அப்பால் சாலை ஒரு பாய் நீளம்கூடத் தெரியவில்லை. "வெரசா போங்கண்ணே" என்று பேச்சி மட்டும் அடிக்கொருதரம் சொன்னாள். முருகேசன் தலையை வெளியே நீட்டி ஓரக்கல்லைப் பார்த்தே ஓட்டினார். ஹரிணி எங்கள் மடிகளின் மேல் குறுக்கே கிடந்தாள். வாய் காய்ந்து உதடு ஒட்டிக்கொண்டிருந்தது. திடீரென்று எழுந்து பனிக்குள் கையைக் காட்டிச் சிரித்தாள். "அந்தா அப்பா வர்றாரு." அவள் அப்பா திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறார். பேச்சி அவள் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள்.

"இங்கன பாருத்தா. அம்மா இங்கன இருக்கேன்."

பைன் காட்டுக்குள் வண்டி நின்றது. முன்னால் காட்டுமாடுகள், சாலையை அடைத்துக்கொண்டு. எத்தனை என்று தெரியவில்லை. பனிக்குள் முதுகுகள் மட்டும் தெரிந்து மறைந்தன. முருகேசன் இன்ஜினை அணைத்துவிட்டார். ஹார்ன் அடித்தால் பாய்ந்துவிடும் என்றார். அந்த அமைதியில் ஹரிணியின் நெஞ்சு அடிப்பது என் கைக்குள் கேட்டது. கையால் கேட்க முடியுமா என்றால், முடிந்தது. அத்தனை வேகம்.

அப்போதுதான் பேச்சி என்னிடம் முதல்முறையாகப் பேசினாள். என்னைப் பார்க்காமல், கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"எம்புள்ள எதையும் வாயில வைக்க மாட்டாளுங்க. சோத்துல ஒரு கறிவேப்பில கெடந்தாலும் எடுத்து ஓரமா வச்சிருவா. அவளப் போயி..."

சொல்லாததை நானே முடித்துக்கொண்டேன். நடக்கப் பழகியதும் குழந்தைக்குப் புது உணவின் மேல் ஒரு பயம் வரும். காட்டில் கண்ட இலையைப் பறித்துத் தின்னாமல் இருக்க அந்தப் பயம்தான் அதைக் காப்பாற்றியிருக்கும் என்று நாங்கள் வகுப்பில் சொல்லிக்கொடுப்போம். எத்தனையோ மேடைகளில் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறேன். உடனே அடுத்த வாக்கியமாக, அந்தப் பயத்தைப் போக்குவது எப்படி என்று தொடங்கிவிடுவேன். அந்த வகுப்பிலேயே மிகவும் பயந்த பிள்ளையைத்தான் நான் தேடிப் பிடித்திருந்தேன். அவளுக்குத்தான் எல்லோரும் கைதட்டினோம்.

காட்டுமாடுகள் ஒருவழியாகச் சரிவில் இறங்கின. முருகேசன் அதன்பிறகு எப்படி ஓட்டினார் என்று எனக்கு நினைவில்லை. கொடைக்கானலுக்குள் நுழைந்தபோது ஏரிக்கரையில் சோளக்கதிர் சுடும் புகை எழுந்தது, குதிரைச் சவாரிக்காரர்களின் கூச்சல் கேட்டது. சுற்றுலா வந்த ஒரு குழந்தை, இலையோடு கட்டிய இளங்காரட்டைக் கடித்துக்கொண்டு போனது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் இளம் மருத்துவர் டப்பாவைத் திறந்து பூவைப் பார்த்தார். டார்ச் அடித்துக் கண்ணைப் பார்த்தார். பிறகு எல்லோரும் வேகமாக நகரத் தொடங்கினார்கள். எங்களை வெளியே நிற்கச் சொன்னார்கள். கதவு மூடியது. உள்ளே ஹரிணி இல்லாத யாரோடோ சண்டை போடும் சத்தம் கேட்டது.

வெகுநேரம் கழித்து மருத்துவர் வெளியே வந்தார். "ஊமத்தை ஜாதிதாங்க. எவ்வளவு உள்ள போச்சுன்னு தெரியல. நெஞ்சுத் துடிப்பு அடங்கணும், சூடு அடங்கணும். கூடவே வச்சுப் பாக்குறோம்" என்றார். பிழைத்துக்கொள்வாளா என்று பேச்சி கேட்டாள். காலையில் சொல்கிறேன் என்றார் அவர்.

செல்வி போனில் அழைத்தாள். மோனிஷாவுக்கு ஒன்றுமில்லை, மற்றப் பிள்ளைகள் யாரும் தின்னவில்லை. ஆனால் ஊர் முழுக்கப் பள்ளிக்கூடத்து வாசலில் நிற்கிறது என்றாள். சிலோன்காரி என்ன கொடுத்தாள் என்று கேட்கிறார்களாம். ஓடிவிட வேண்டும் என்று அந்த நிமிடம் தோன்றியது. கடவுச்சீட்டு கைப்பையில்தான் இருந்தது. விமானச் சீட்டை மாற்றிக்கொள்ளலாம். அப்படித் தோன்றியதை இங்கே மறைக்க விரும்பவில்லை. பேச்சி பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். எழுந்து எங்கே போவது?

ஒரு நர்ஸ் வந்து ஏதாவது குடித்தீர்களா என்று கேட்டார். பேச்சிக்கு ஒரு தேத்தண்ணி கிடைக்குமா என்றேன். அவர் நின்று திரும்பிப் பார்த்தார். "எங்கம்மாவும் தேத்தண்ணின்னுதாங்க சொல்லும்" என்றார். அவருடைய அம்மா சிறுமியாக இலங்கையின் அட்டன் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்து, பெரும்பாறையில் காப்பித் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தவராம். வேறு நேரமாக இருந்தால் விடிய விடியப் பேசியிருப்போம். அவர் இரண்டு டம்ளர் கொண்டுவந்து வைத்தார். பேச்சி ஒன்றை எடுத்து, முதலில் என் கையில் கொடுத்தாள். அதை வாங்கியபோதுதான் எனக்கு அழுகை வந்தது.

இரவு எப்படியோ கழிந்தது. ஜன்னல் வெளுக்கும் நேரத்தில் உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள். ஹரிணி கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கண்கள் இன்னும் கறுப்பாகவே இருந்தன, வெளிச்சத்துக்குக் கூசின. ஆனால் அம்மாவை அம்மாவாகப் பார்த்தாள்.

"ஏம்மா அழுகுற?" என்றாள்.

அவளுக்கு எதுவும் நினைவில் இல்லை. பூ பறித்ததோடு சரி. அபாயம் தாண்டிவிட்டது, பார்வை தெளிய ஓரிரு நாளாகும் என்றார் மருத்துவர். நான் வெளியே வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பயம் போய்விடும் என்று எதிர்பார்த்தேன். போகவில்லை. இன்றைக்கும் முழுதாகப் போகவில்லை.

ஹரிணி வீடு திரும்பிய பிறகு பள்ளியில் ஊர்க்கூட்டம். தலையைக் குனிந்துகொண்டு போனேன். நடந்ததை நடந்தபடியே சொன்னேன். என் பாடத்தில் ஒரு படி இல்லாமல் இருந்தது, அது என் தவறு, ஊரைக் கேட்காமல், ஓடையோரத்தில் என்ன வளர்கிறது என்று பார்க்காமல் பாடம் நடத்தியதும் தவறு என்றேன். ஒருவர் கோபமாகப் பேசினார். எங்கள் பிள்ளைகள் காய் தின்னாவிட்டால் உங்களுக்கு என்ன நட்டம் என்று கேட்டார். பாடம் இனி வேண்டாம் என்று பலரும் சொன்னார்கள். நானும் அதையேதான் நினைத்திருந்தேன்.

கடைசியில் பேச்சி எழுந்தாள்.

"அவ இப்பத் தண்ணியக்கூட மோந்து பாத்துட்டுத்தான் குடிக்கிறா. நான் ஊட்டுற சோத்தயே சந்தேகமாப் பாக்குறா. இவுக பாதியில விட்டுட்டுப் போனா அந்தப் பயம் அப்படியே தங்கிப்போகும். நடத்தட்டும். ஆனா நாங்களும் உள்ள உக்காருவோம்."

கூட்டம் கொஞ்சநேரம் முணுமுணுத்தது. பிறகு யாரும் மறுக்கவில்லை.

ஊருக்குத் திரும்புவதற்கு முன் அந்தப் பாடத்தை நடத்தினேன். சுவரையொட்டி அம்மாக்கள் உட்கார்ந்திருந்தார்கள், சோலியை விட்டுவிட்டு வந்தவர்கள். பார்ப்பதற்கும் முன்னால் புதிய ஒரு படி வைத்தேன்: வீட்டுப் பெரியவரிடம் காட்டிக் கேட்க வேண்டும். அவர் சரி என்றால்தான் மற்றதெல்லாம். வகுப்புக்கு வெளியே எதுவும் நாக்குக்குப் போகக் கூடாது. பிள்ளைகள் ஒருவரும் 'போஞ்சி'க்குச் சிரிக்கவில்லை.

நூல்கோல் துண்டுகளைக் கொடுத்தேன். ஹரிணியின் முன்னாலும் தட்டை நீட்டினேன். அவள் எடுத்தாள். வாய் இறுக மூடியிருந்தது. திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு எழுந்து, வகுப்பின் குறுக்கே நடந்து, பேச்சியிடம் போய் நீட்டினாள்.

பேச்சி அதை வாங்கி முகர்ந்தாள். பாதியைக் கடித்தாள். நிதானமாக மென்றாள். அவள் விழுங்கும்வரை ஹரிணி அவளுடைய தொண்டையையே பார்த்துக்கொண்டு நின்றாள். நானும்தான்.

பிறகு ஹரிணி மீதிப் பாதியை வாங்கிக்கொண்டாள். காதருகே வைத்து ஒடித்துக் கேட்டாள். இரண்டு துண்டையும் சீருடைப் பைக்குள் போட்டுக்கொண்டு வந்து தன் இடத்தில் உட்கார்ந்தாள். சாப்பிடவில்லை. நாக்கு நுனியில் வைத்துப் பார் என்று இந்த முறை நான் சொல்லவுமில்லை.